இடப்பக்கச் சில்லு

இறுகின நட்டைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று சொல்லும். லொறியின் இடப்பக்கப் பின்சில்லில் ஏழு நட்டும் அப்படித்தான் சொல்லின. எட்டாவது மட்டும் ஈரக் கட்டையில் அடித்ததுபோலப் பொத்தென்றது. அரை நிமிடத்துக்கு முன்புதான், தன் முழுப் பாரத்தையும் ஸ்பானரில் போட்டு அதைச் சில்வெஸ்ரர் இறுக்கியிருந்தான்.

பொழுது கடலுக்குள் பாதி இறங்கிவிட்டது. கடைசி பஸ் போய் ஒரு மணித்தியாலம். லொறிக்குள் கட்டிலில் அவன் மனைவி பரிமளம் நோவில் துடித்துக்கொண்டு கிடந்தாள். தலைப்பிள்ளை. சரவணை ஊரில் இருந்த இரண்டு கார்களும் அன்று பார்த்துக் கலியாணத்துக்குப் போயிருந்தன. மிஞ்சியது சிவபாதத்தாரின் வீட்டு லொறிதான். மலாயாப் பென்சன்காரரான அவர் பழைய லொறி ஒன்றை வாங்கி, கூரை போட்டு, கட்டில், அலுமாரி, குசினி எல்லாம் பூட்டி, கதிர்காமம் வரைக்கும் அதிலேயே குடியிருந்து போய்வந்தவர். ஊரில் மற்றவர்கள் இரவோடிரவாக வேலியை நகர்த்துவார்கள், இவர் வீட்டையே நகர்த்துகிறார் என்று சனம் சிரித்தது. அதற்குச் சாரதி சில்வெஸ்ரர்.

"தம்பி, சுணங்காதை! பிள்ளை குறுக்காலை கிடக்குது. யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குப் போகாட்டி ரெண்டு உயிரும் மிஞ்சாது!" மருத்துவிச்சி யோகம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

"இந்தா அக்கா, நட்டை ஒருக்காப் பாத்திட்டு எடுக்கிறன்."

பார்க்காமல் எடுக்க அவனால் முடியாது. ஆறு மாதத்துக்கு முன்பு நடந்தது அப்படி. இதே லொறியின் இடப்பக்கத்து நட்டு மரை இடச்சுற்றில்தான் இறுகும். அன்றைக்கு அவன் பழக்கதோஷத்தில் வலச்சுற்றில் அமத்தினான். ஒவ்வொரு நட்டும் கிறீச்சென்று கால் சுற்று வந்தது. இளகினதை இறுகிவிட்டது என்று நினைத்தான்.

"அண்ணை, இந்தப் பக்கம் மற்றச் சுத்தெல்லோ?" என்றான் கிளீனர் குருசுமுத்து. முப்பது வயது, வாயில்லாப் பூச்சி.

"எனக்கோடா படிப்பிக்கிறாய்?" சில்வெஸ்ரர் அவன் கன்னத்தில் ஒன்று விட்டான். குருசுமுத்து வழக்கம்போல மிதிபலகையில் தொற்றிக்கொண்டு வந்தான். பண்ணைப் பாலத்தில் சில்லு கழன்றது. அவன் கீழே விழ, வெறும் அச்சு அவன் தோளில் ஏறி நெஞ்சை உழுதுகொண்டு போனது. கால் மணித்தியாலம் உயிர் இருந்தது. அவ்வளவு நேரமும் அவன் கண் சில்வெஸ்ரரை விட்டு அசையவில்லை.

"அவன்தான் நட்டு இறுக்கினவன் ஐயா," என்று பொலிசுக்குச் சொன்னான் சில்வெஸ்ரர். செத்தவன் சாட்சிக்கு வரமாட்டான் என்ற தைரியம். குருசுமுத்துவின் தாய் மகனுடைய பிழை என்றே நம்பி, ஊர்ச் சனத்தின் முகம் பார்க்காமல் திரிந்தாள். அதைப் பார்த்தும் இவன் பேசாமல்தான் இருந்தான்.

இன்று அவன் சரியான சுற்றில்தான் இறுக்கியிருந்தான். எட்டாவதைத் திரும்ப இறுக்கித் தட்டினான். கணீர். மூச்சு வந்தது. எதற்கும் என்று முதலாவதைத் தட்டினான். பொத். இரண்டாவது, பொத். விரலாலேயே சுழற்றலாம்போல இருந்தது. நட்டில் ஏதோ பிசுபிசுத்தது. கிறீஸ் என்று எண்ணி மூக்கருகே கொண்டுபோனான். பச்சை இரத்தம் மணத்தது. அதோடு கலந்து, குருசுமுத்து பிடித்துவந்த மலிவுச் சுருட்டும் மணத்தது.

எட்டையும் மறுபடி இறுக்கினான். வலப்பக்கச் சில்லுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, இடப்பக்கப் பின்சில்லில் ஒரு நட்டும் இல்லை. மண் படாதபடி கிழிந்த சாரத்துண்டு ஒன்றை விரித்து, அதில் எட்டையும் வரிசையாக வைத்திருந்தது. அப்படி வைக்கிறவன் குருசுமுத்து ஒருவன்தான்.

"இஞ்சாருங்கோ...!" உள்ளேயிருந்து பரிமளம் ஓலமிட்டாள்.

நட்டுகளைத் திரும்பப் பூட்டினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் பூட்டும்போது ரயருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ரப்பரைத் தடவிக்கொண்டு மெல்ல வந்து நட்டைப் பிடித்தது.

சுத்தியலால் அடித்தான். எலும்பு நொறுங்கியது. கை போகவில்லை. இன்னும் அடித்தான். விரல்கள் தோலில் தொங்கின. தொங்கின விரல்களாலேயே அது நட்டைத் திருகியது. வலச்சுற்று. அடித்தான். அடித்தான். தன் பெருவிரலையும் சேர்த்து அடித்தான்.

நோவில் கண்ணை மூடித் திறந்தபோது அந்தக் கையைக் காணவில்லை. சில்லில் இருந்தது அவனுடைய பெருவிரல் இரத்தம் மட்டும். எட்டையும் வெறிகொண்டு இறுக்கினான். எட்டும் கணீரென்றன. ஏறி, லொறியை எடுத்தான்.

வேலணை போனது. மண்கும்பான் போனது. பனைகளுக்குள்ளால் உப்புக்காற்று இரைந்தது. சில்லின் ஒவ்வொரு சுற்றையும் காது எண்ணிக்கொண்டே வந்தது. சத்தம் ஒன்றுமில்லை. பண்ணைப் பாலத்தில் ஏறினான். இரண்டு பக்கமும் கறுத்த கடல்.

அப்போது இடப்பக்கத்தால் ஒரு சில்லு லொறியை முந்திக்கொண்டு ஓடியது.

தனியாக. நேராக. லொறியின் விளக்கு வெளிச்சத்தில் அதன் நடுவிலிருந்த இரத்தக்கறை தெரிந்தது. கொஞ்சத் தூரம் போய், கரைக்கல்லில் மோதி எழும்பி, கடலுக்குள் விழுந்தது.

லொறி சரியப்போகிறது என்று ஸ்ரேறிங்கைக் கட்டிப்பிடித்தான். சரியவில்லை. முன்னையைவிடச் சீராக ஓடியது. பிறேக்கை மிதித்தான். வேகம் குறையவில்லை.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

சில்லு இருக்கவேண்டிய இடத்தில் ஒருவன் குனிந்து ஓடிவந்தான். பிளந்த தோளின் பள்ளத்தில் அச்சைத் தாங்கியிருந்தான். விலா எலும்புகள் வெளியே நின்றன. தார் றோட்டில் பாதம் தேய்ந்து, சதை சிதறி, கணுக்கால் எலும்பால் ஓடினான்.

"அண்ணை," என்றான் குருசுமுத்து. அதே பணிவு. "பாரமாக் கிடக்குது அண்ணை. எங்கை இறக்கிறது?"

"நான்தான்ரா!" சில்வெஸ்ரர் குழறினான். "நான்தான் பிழையா இறுக்கினனான்! ஊர் முழுக்கச் சொல்லுறன். அவளை விட்டிடடா!"

உள்ளேயிருந்து யோகம்மாவின் குரல்தான் வந்தது. சந்தோசத்தில் அது கீச்சிட்டது. "தம்பி, பிள்ளை திரும்பீட்டுது! தலை தெரியுது!"

பிறகு ஒரு சின்ன அழுகை. உயிருள்ள, கோபமான, புத்தம்புது அழுகை.

அந்தச் சத்தத்துக்குக் குருசுமுத்து தலையை நிமிர்த்தினான். லொறியின் சுவரில் காதை வைத்து ஆசையாகக் கேட்டான். கேட்டபடியே, முட்டியை மடக்கி, அச்சைத் தாங்கின தோளை மெல்ல மெல்லக் கீழே இறக்கத் தொடங்கினான்.