காலை நிறுவை நேரம்

"சிவப்பு அட்டைக்காரங்க மட்டுந்தான் மனுசங்களா மிஸ்ஸி?"

தகப்பன் மாடசாமியைத் தோளில் சுமந்து, மழையில் தொப்பலாக நனைந்து நின்ற சுரேஸின் முதல் வார்த்தை அது. போன வார மண்சரிவுக்காக ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து விளையாட்டுத் திடலில் இராணுவம் அமைத்த கள மருத்துவமனை. இன்று காலை மறுபடியும் மண் சரிந்திருந்தது. பதுளையிலிருந்து வந்திருந்த தாதி துஷாந்தினி நிமிர்ந்தாள். கோபம் கொப்பளிக்கும் அவன் கண்கள்... ஓரத்தில் பயம். சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சிவப்பு அட்டை மூச்சுத் திணறுறவங்களுக்கு, அவங்கதான் முதல்ல. ஐயாவுக்கு ரத்தம் நின்னிருக்கு. அடுத்தது அவருதான்" என்று மஞ்சள் அட்டையை மாட்டினாள்.

"லயத்து ஆளுங்கன்னா டவுன்காரங்களுக்கு இளக்காரந்தான்!"

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த காயக்காரருக்கான அட்டையை எடுத்தாள்.

ரத்தம் நிற்கத் தகப்பனின் முழங்காலுக்கு மேல் சாக்குத் துணியைக் கிழித்து இறுகக் கட்டியிருந்தான். எப்போது கட்டியது என்றுதான் இராணுவ வைத்தியர் முதலில் கேட்டார். இரண்டு மணித்தியாலம் தாண்டினால் காலுக்கே ஆபத்து.

"போன் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க... பொம்பளைங்க காலை நிறுவைக்குக் கொழுந்து இறக்கிட்டு இருந்தாங்க..."

அது எத்தனை மணி என்று புரியாமல் வைத்தியர் விழித்தார். துஷாந்தினி தயங்காமல் அட்டையில் எழுதினாள்... ஒன்பதரை. எண்பது நிமிடந்தான் ஆகியிருந்தது. கால் தப்பியது.

மறுநாள் சுரேஸ் மெல்லக் கேட்டான்: "நிறுவை நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருகில் அவளோடு வந்த தாதியர் விடுதித் தோழிகள்... ஏழு வருடமாக அவர்களிடம் மறைத்த ஒன்றை எப்படிச் சொல்வாள்?

மாடசாமியைப் பதுளைக்கு மாற்றியதும் அவன் வரவு நின்றது. அவள் கண்கள் மட்டும் ஐந்து நாளும் கூடார வாசலிலேயே கிடந்தன. ஒவ்வொரு காலடிக்கும் நெஞ்சு எழுந்து எழுந்து அடங்கியது...

கூடாரம் பிரிக்கும் நாளில், கம்பம் தூக்கும் ஆட்களுக்கு நடுவே அவன்!

"ஐயா நடக்குறாரா?"

"கம்பு ஊனி நடக்குறாரு. உங்களைத்தான் கேக்குறாரு."

"அவரு மட்டுந்தானா?"

"டவுன் மிஸ்ஸிகிட்ட நான் என்னத்தைக் கேக்குறது..."

வேன் ஹார்ன் அடித்தது. உள்ளிருந்து தோழிகள் கூப்பிட்டார்கள். இப்போது விட்டால்...

"எங்கம்மா கொழுந்து எடுக்குறவங்க. நான் பொறந்ததும் லயத்துலதான்!" தோழிகளுக்கும் கேட்கும்படியே சொன்னாள். "அதை மறைச்சது என் தப்பு. அஞ்சு நாளா உங்களைத் தேடித் தவிச்சேன்... அதையும் மறைக்கத் தெம்பில்லைங்க."

அவன் கண்கள் நிறைந்தன. "எனக்கும் அதே தவிப்புத்தான். ஞாயித்துக்கிழமை எங்கம்மாவைக் கூட்டிட்டு வரவா? வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னாள். எந்த பஸ், எந்த வளைவில் இறங்குவது, எந்த லயத்து வரிசையில் எத்தனையாவது காம்பரா... ஒன்றுவிடாமல், உரக்க.