மூன்றாவது அண்ணன்

கம்பம் நட்டாயிற்று. உச்சியில் பெட்டி வைக்க இடமும் குடைந்தாயிற்று. பெட்டிக்குள் வைக்க ஆள்தான் இல்லை.

வெள்ளைக்காரன் கப்பல் ஹைடா தீவுகளின் பக்கம் தலைகாட்டாத காலம் அது. வடகடலில் மழையும் மூடுபனியும் தேவதாரு மரமும் கொட்டிக்கிடக்கிற ஊர். அங்கே ஒருவன் பெரிய மனிதன் என்றால் அவன் தோணி பெரியது என்று அர்த்தம். ஒற்றை மரத்தைக் குடைந்து, தண்ணீர் ஊற்றி, சுட்ட கல்லைப் போட்டுக் கொதிக்கவைத்து, அகட்டி எடுத்த தோணி. அதில் ஏறிக் கடல் தாண்டி வருகிறார்கள் என்று தெரிந்தால், எதிர்க்கரைக்காரன் அடுப்பில் வேகிற மீனை அப்படியே விட்டுவிட்டு மலையேறிவிடுவான்.

அப்படிப்பட்ட தோணிக்காரன் குனாத். நாலு வருடம் முன்பு ஏழு வீரர்களையும் தன் மகன் தஜாவையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போனான். ஜெயித்துத் திரும்புகையில் பல்பாறைத் தீவில் மோதித் தோணி உடைந்தது. உடைந்த பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவன் தஜாவ் ஒருவன்தான்.

ஏழு பேரைக் கடல் கொண்டுபோனது என்றான். அப்பா பாறையில் இரண்டு நாள் உயிரோடு கிடந்து செத்தார், குகைக்குள் கிடத்தி, அவருடைய செப்புத் தகட்டை நெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன் என்றான். யாரும் நம்பவில்லை. குனாத்தின் அக்காள் மகன் ஹிலாங் கொஞ்சங்கூட நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இரண்டு. செப்புத் தகடு சும்மா இல்லை. ஒரு ஊரே அதற்கு ஈடு. அதை எங்கேயோ ஒளித்துவிட்டான் என்பது ஒன்று. இன்னொன்றை ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தண்ணீரில் செத்தவனை அந்தக் கடலில் நீர்நாய்க்காரர்கள், அதாவது மனித உருவம் எடுக்கிற நீர்நாய்கள், கூட்டிக்கொண்டு போய்த் தங்களில் ஒருவன் ஆக்கிக்கொள்வார்கள். பிறகு சொந்தக்காரன் முகத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைத் தேடி வருவார்கள். திரும்பி வந்தது தஜாவ்தானா என்பது யாருக்குத் தெரியும்?

அந்த ஊரில் மொத்தமே இரண்டு வகையறா. கழுகு, அண்டங்காக்கை. கழுகு வீட்டுக்காரன் காக்கை வீட்டில்தான் பெண் எடுக்கவேண்டும். பிள்ளைகள் தாய் வகையறா. அதனால் அப்பன் கழுகு என்றால் மகன் காக்கை. அப்பனுடைய பெயரும் வீடும் செப்பும் மகனுக்கு வராது. அக்காள் மகனுக்குப் போகும். குனாத்துக்கு அந்த அக்காள் மகன் ஹிலாங். கழுகு.

இன்னொரு முறை உண்டு. செத்தவனைச் சொந்த வகையறா தொடக்கூடாது. குளிப்பாட்டுவது, தூக்குவது, பெட்டியில் வைப்பது எல்லாம் சம்பந்தி வகையறா வேலை. இதில் விளையாட்டே கிடையாது. ஹிலாங்கின் பெரியம்மா செத்தபோது பெட்டி கைநழுவிச் சரிந்தது. பக்கத்தில் நின்ற ஹிலாங்கின் தம்பி கிதாஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பெட்டி விழுந்தது. ஊரில் ஒருத்தரும் அவனைக் குறை சொல்லவில்லை.

மாமன் எலும்பைக் கம்பத்தில் ஏற்றி அவன் பெயரை ஹிலாங் ஏற்கிற விருந்துக்கு, இன்னும் ஆறு நாளில் விருந்தாளித் தோணிகள் வந்துவிடும். காலிப் பெட்டிக்கு முன்னால் நின்று மாமன் பெயரை ஏற்றால் நாலு தீவும் சிரிக்கும். சிரிப்பதுகூடப் போகட்டும். எலும்பு கிடைக்கவில்லை என்றால் மாமன் சாகவில்லை, நீர்நாய்க்காரர்களோடு தோணி வலிக்கிறான் என்று ஆகும். அதை நினைத்தால் ஹிலாங்குக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் தஜாவைக் கூப்பிட்டான். இடம் தெரிந்தவன் அவன். எலும்பைத் தொடக்கூடியவனும் அவன்.

குனாத்தின் மனைவி ஸ்கானஜாத் கரைக்கு வந்து நின்றாள். ஹிலாங்குக்கு அத்தை, தஜாவைப் பெற்றவள். அழவில்லை, வாழ்த்தவும் இல்லை.

"என் புருசனைக் கொண்டா. முடியலேன்னா கதை எதுவும் கொண்டுவராத. கதை என்கிட்டயே நெறைய இருக்கு" என்றாள்.

சின்னத் தோணி, மூன்று பேர். சண்டைக்குப் போகிறவன் மாதிரியே கடல்நீரைக் குடித்து, வாந்தியெடுத்து, வயிற்றைக் காலியாக்கிக்கொண்டுதான் ஏறினார்கள். ஹிலாங் பின்னால் உட்கார்ந்து தோணியைத் திருப்பும் துடுப்பை எடுத்துக்கொண்டான். கிதாஸ் நடுவில். தஜாவை மூக்குப் பக்கம் உட்காரவைத்தான். நம்பமுடியாதவன் முதுகு நம் கண்ணெதிரே இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. காலடியில் ஈட்டி கிடந்தது. அது எதற்கு என்று தஜாவ் கேட்கவில்லை. கேட்காததும் ஹிலாங்குக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு பகலும் ஓர் இரவும் வலித்தார்கள். விடிந்தபோது பனி இறங்கிவிட்டது. தோணி மூக்கில் இருப்பவன் தலை தெரியாத பனி. அலை தோணிக்கு அடியில் எந்தப் பக்கத்திலிருந்து இடிக்கிறது என்று முழங்காலால் பார்த்துப் பார்த்து ஹிலாங் திருப்பினான். கடற்பறவை கத்துகிற இடத்தில் பாறை இருக்கும். அந்தக் காலையில் ஒரு பறவையும் கத்தவில்லை. பதிலுக்கு ஒரு சீழ்க்கை கேட்டது. மெல்லிசாக, நாயைக் கூப்பிடுகிற மாதிரி.

தஜாவ் திரும்பாமலே சொன்னான், பதில் கொடுக்காதே, யார் எது தின்னக் கொடுத்தாலும் வாயில் வைக்காதே, தின்றவன் அவர்களோடு போய்விடுவான் என்று. அவர்கள் சிரித்தால் வாயைத் திறக்கமாட்டார்கள், பல் சின்னதாக இருக்கும், செம்பைக் கண்டால் ஒதுங்குவார்கள் என்றும் சொன்னான். இவ்வளவு இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஹிலாங் ஈட்டியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பல்பாறை பனிக்குள்ளிருந்து கறுப்பாக வந்தது. பெயருக்கு ஏற்ற பாறை; கீழ்த்தாடை மாதிரி இருந்தது. தண்ணீர் முழுக்க வற்றினால்தான் குகையின் வாய் தெரியும். பாறையைச் சுற்றி ஆள் நீளக் கடற்கொடிகள் நீரோட்டத்தோடு சாய்ந்து கிடந்தன. அவை தலை நிமிர்ந்தால் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

கொடிகள் நிமிர்ந்தன. தோணியைப் பாறையில் மோதாமல் பிடித்துக்கொள்ளக் கிதாஸை விட்டுவிட்டு, இருவரும் இறங்கினார்கள். எலும்பு வைக்கிற பெட்டியோடு தஜாவ் முன்னால், ஹிலாங் ஈட்டியோடு பின்னால்.

குகைக்குள் மீன் நாற்றம், நனைந்த நாயின் நாற்றம். உள்ளே போகப் போகத் தரை மேடேறிக் காய்ந்த மணல் வந்தது. மேலே ஒரு வெடிப்பின் வழியாகச் சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் பாய் சுற்றிய உருவம் கிடந்தது. நெஞ்சின் மேல் செப்புத் தகடு, பச்சை பிடித்து, வைத்தது வைத்தபடி.

ஹிலாங் குனிந்து பார்த்தான். தகட்டை விட அவன் கண் மணலில் நிலைத்தது. நாலு பக்கமும் காலடிகள். குழந்தைக் கைகள் மாதிரிச் சின்னச் சின்னப் பதிவுகள், நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் பிணத்தைச் சுற்றி வட்டமாக வந்து, ஒரு கை தூரத்தில் நின்றிருந்தன. நாலு வருடமாகச் சுற்றியிருக்கின்றன. செம்புக்குப் பயந்து உள்ளே வரவில்லை.

தப்பித்துப் போகிறவன் அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்பனுக்குக் காவலாக விட்டுவிட்டு, வெறுங்கையோடு பலகையில் போயிருக்கிறான். நாலு வருடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான்.

தஜாவ் மண்டியிட்டான். "அப்பா, நான்தான். தூக்குறேன், பயப்படாதீங்க" என்றான். தகட்டை எடுத்து, விலக்கிய பாயால் மூடித் தன் பின்னால் வைத்தான். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து கால் எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான். ஹிலாங் முறைப்படி நாலடி தள்ளி, கையில் ஈட்டியோடு நின்றான்.

பின்னால் மணல் நறநறத்தது. கிதாஸ் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு பிரியாமல் சிரித்தான்.

"தோணியைக் கட்டிட்டேண்ணே. பசியா இருப்பீங்க. மீன் கெடச்சுது, வாங்க."

சொன்ன வேலையை விட்டுவிட்டு எதற்கு வந்தாய் என்று திட்டத்தான் ஹிலாங் வாயெடுத்தான். அதற்குள் கிதாஸ் அவனைத் தாண்டிப் போனான். மண்டையோடு மட்டும்தான் பாக்கி. குனிந்து, "நான் எடுக்குறேன் மாமாவை" என்று அதன்மேல் கையை வைத்தான்.

ஹிலாங் அந்தக் கையைப் பார்த்தான். பெரியம்மா பெட்டி விழுந்தபோதுகூட நீளாத கை அது. கழுகு வகையறாவில் பிறந்த பச்சைக் குழந்தைகூட இதைச் செய்யாது. நீர்நாய்க்கு எல்லாம் தெரியும். முகம் தெரியும், குரல் தெரியும், பசி தெரியும். வகையறா தெரியாது. அதற்கு ஏது மாமன், ஏது சம்பந்தி?

இத்தனை நேரமும் ஈட்டி தஜாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தஜாவும் அந்தக் கையைப் பார்த்துவிட்டான். பின்னால் கையைவிட்டுத் தகட்டை மணலில் ஹிலாங் பக்கம் தள்ளினான்.

"ஒன்னோடது, மச்சான். புடி."

ஹிலாங் ஈட்டியைப் போட்டுவிட்டுத் தகட்டைத் தூக்கி அந்த முகத்துக்கு நேராகப் பிடித்தான். கிதாஸின் முகம் ஈரமணல் மாதிரி இளகியது. வாய் திறந்தது. உள்ளே பொடிப் பற்கள், வரிசையாக, ஏராளமாக. சீழ்க்கை ஒன்று குகை முழுக்க அடித்தது. அது நாலு காலில் அவர்களைத் தாண்டி ஓடித் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

தஜாவ் மண்டையோட்டைப் பெட்டியில் வைத்து மூடினான். இருவரும் ஓடினார்கள். குகை வாயில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. வெளியே கொடிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

பத்தடியில் தோணி. நிஜக் கிதாஸ் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். உதடு நீலம். ஒரு கையில் பச்சை மீன், வாய்க்குப் பக்கத்தில். கடித்துவிடுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன் மாதிரி நின்றான். ஹிலாங் கூப்பிட்டதும் மீனைப் போட்டான். ஆனால் அந்தக் கையில் கத்தி வந்தது, கயிற்றின்மேல் நின்றது.

"அங்கேயே நில்லு" என்றான். "காலையிலேர்ந்து நீ மூணாவது அண்ணன்."

செப்புத் தகட்டைக் காட்டினான் ஹிலாங். முன்னால் வந்தவனும் பளபளவென்று எதையோ காட்டினான் என்று கிதாஸ் சொன்னான். குளிரில் பல் கிட்டியது, கத்தி மட்டும் ஆடவில்லை. சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னான் ஹிலாங். அதையும் முதல் அண்ணன் சொல்லிவிட்டானாம்.

"அந்தப் பெட்டியை மச்சான் கீழ வைக்கட்டும். நீ தூக்கிட்டு வா. இல்லேன்னா கயித்தை அறுத்துடுவேன்."

தஜாவ் ஹிலாங்கைப் பார்த்தான். பெட்டியைப் பாறை விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். அலை வந்து பெட்டியின் அடியைத் தொட்டது. அடுத்த அலை அரை விரல் தூக்கி வைத்தது. நாலு வருடக் காத்திருப்பு, கம்பம், பெயர், அத்தை சொன்ன வார்த்தை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும்.

ஹிலாங் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பெட்டி திரும்பியது. ஒரு மூலை பாறையை விட்டு வெளியே போனது.

"போனாப் போகட்டும்டா" என்றான். "பெரியம்மா பெட்டி விழுந்தப்போ நீ புடிச்சியா? எம் மாமனை நான் தொடறதா?"

கிதாஸின் கையிலிருந்து கத்தி தண்ணீரில் விழுந்தது. "தூக்கு மச்சான், தூக்கு" என்று குழந்தை மாதிரி அழுதான். தஜாவ் அலையோடு சேர்ந்து பாய்ந்து பெட்டியை அணைத்துத் தூக்கினான்.

ஏறியதும் ஹிலாங் மூக்குப் பக்கம் போய் உட்கார்ந்தான். பாறைச் சந்தின் வழியாகத் தோணியை வெளியே கொண்டுபோகத் தெரிந்தவன் தஜாவ். அவன் பின்னால் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் பெட்டியை இடுக்கிக்கொண்டு திருப்பினான். ஏறுகிற தண்ணீர் தோணியை உருட்டிப் பார்த்தது. இருபது தடவை செத்துப் பிழைத்தபின் திறந்த கடல் வந்தது.

அப்போது பக்கத்தில் இன்னொரு தோணி வந்தது. பெரிய போர்த்தோணி. பனிக்குள் அவர்களோடு சரிக்குச் சரியாக வந்தது. துடுப்புகள் இறங்கி ஏறின. ஒரு சொட்டுத் தண்ணீர் சிதறவில்லை. யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. கிதாஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஹிலாங் பார்த்தே தீரவேண்டியிருந்தது. தலைகளை எண்ணினான். ஏழு. எல்லாம் தெரிந்த முகங்கள். பின்னால் தோணித் தலைவன் உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

மாமன் அங்கே இல்லை. மாமன் பெட்டிக்குள் இருந்தான்.

பனி அந்தத் தோணியை மூடிக்கொண்டது. சீழ்க்கை ரொம்ப நேரம் பின்னாலேயே வந்தது. ஹிலாங்கின் முதுகு தஜாவின் பக்கம் திறந்து கிடந்தது. அதை அவன் நினைத்துப் பார்த்தது பாதிக் கடல் தாண்டிய பிறகுதான்.

அந்தத் தீவுகளில் எதிரிதான் தோணி மூக்கைக் காட்டிக் கரைக்கு வருவான். வீட்டுக்கு வருகிறவன் தோணியைத் திருப்பிப் பின்பக்கமாக வந்து சேருவான். மூன்றாம் நாள் மத்தியானம் தோணி அப்படித் திரும்பியபோது, கரையில் நின்ற ஸ்கானஜாத் முதலில் பார்த்தது, தலைவன் இடத்தில் உட்கார்ந்திருந்த தன் மகனையும் அவன் மடியிலிருந்த பெட்டியையும்தான். யார் யாரை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நடந்து தண்ணீருக்குள் இறங்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

விருந்து நடந்தது. காக்கை வீட்டார் பெட்டியைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். மாமன் பெயரை ஹிலாங் ஏற்றான். செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் அவன் சொன்னது ஒன்றுதான்: இதை எடுக்காமல் மாமனுக்குக் காவல் வைத்தவன் தஜாவ், அவனை நம்பாதவன் நான். பிறகு அந்த ஏழு பேரின் பெயரையும் உரக்கச் சொன்னான். ஏழு வீட்டிலும் அன்றைக்கு அடுப்பில் அவர்களுக்கென்று மீனும் எண்ணெயும் போட்டார்கள். நெருப்பில் போட்ட சாப்பாடு செத்தவனுக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பசி அடங்கினவன் இன்னொருவனுக்கு மீன் நீட்டமாட்டான் அல்லவா?

சந்தேகப்படுவது தப்பில்லை. கடலில் அது இல்லாதவன் திரும்பி வரமாட்டான். ஈட்டி எந்த முதுகைப் பார்க்கிறது என்பதை மட்டும் அவ்வப்போது ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.