பெட்டி மட்டும் போச்சு!

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்த மறுவிநாடியே, அதைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். எதிர்முனைப் பெண் டெலிபோனைவிடப் பலமாக அலறிக் கொண்டிருந்தாள்.

"ஐயோ! போச்சு மேடம்! பட்டப்பகல்ல... வீட்டு வாசல்லயே... போச்சு!"

"எது போச்சும்மா? நிதானமாச் சொல்லுங்க."

"பெட்டி!"

"நகைப் பெட்டியா?"

"டூல்ஸ் பெட்டி! பிக்கப் வண்டியில நேத்துத்தான் மாட்டினது! என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு!"

"உள்ளே இருந்த டூல்ஸ் எவ்வளவு போச்சு?"

மறுமுனையில் அலறல் சட்டென்று தணிந்தது.

"டூல்ஸ் எல்லாம் பத்திரமா இருக்கு மேடம். பெட்டி மட்டும்தான் போச்சு."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. பதினாறு வருட சர்வீஸில், பணத்தை எடுத்துக் கொண்டு பர்ஸை வீசியவர்களைப் பார்த்திருக்கிறாள். பணத்தை விட்டுவிட்டுப் பர்ஸை எடுத்துப் போனவனை இன்றுதான் கேள்விப்படுகிறாள்!

"ஜீப்பை எடுங்க!" என்றாள் கான்ஸ்டபிளிடம்.

மணி ஒன்றரை.

வாசற்படியில் இடுப்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தான் பிளம்பர். தலையில் சோப்பு நுரை அப்படியே காய்ந்து போயிருந்தது. பக்கத்தில் நின்று விசிறிக் கொண்டிருந்தாள் அவன் மனைவி... டெலிபோனில் அலறிய அதே பெண்.

"பன்னெண்டரைக்குக் குளிக்கப் போனேன் மேடம். ஒரு மணிக்கு இவ கத்தினா. ஓடி வந்து பார்த்தா... பெட்டி இல்லை!"

"அரை மணி நேரமாவா குளிச்சீங்க?"

"பிளம்பர் வீடு மேடம்... குழாய்ல தண்ணி சரியா வராது."

கான்ஸ்டபிள் சிரித்துத் தொலைத்தான். இன்ஸ்பெக்டர் முறைத்தாள்.

"ஒரு பெட்டிக்கா இப்படி இடிஞ்சு போயிட்டீங்க?"

"பெட்டி இல்லேன்னா என் பொழைப்பே இல்லை மேடம்! நாலு மணிக்கு நான் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துல நிக்கணும். ஆறு மாடிக்கும் குழாய் வேலை. ரெண்டு வருஷத்துக்கு வேற வேலை தேட வேண்டாம். வண்டியோட சேர்த்து மாட்டின பெட்டியில டூல்ஸைப் பூட்டி வெச்சிருந்தாத்தான் கேட்டுக்குள்ள விடுவேன்னு இன்ஜினியர் கண்டிஷன் போட்டிருக்காரு. நான் போகலேன்னா வேலை மொட்டைத்தலையனுக்கு!"

"அது யாரு?"

"இன்னொரு பிளம்பர்."

"மேடம்! அவன்தான்!" துள்ளினான் கான்ஸ்டபிள். "தூக்கிட்டு வந்துடவா?"

"பிளம்பரா இருந்தா டூல்ஸை விட்டுட்டா போவான்? சும்மா இருங்க."

இன்ஸ்பெக்டர் வண்டியை நெருங்கினாள். நீல நிறப் பிக்கப். பழசு. ஆனால் கண்ணாடி போலப் பளபளப்பு. பின்தளத்தில் ஒரு தார்ப்பாய் விரித்திருந்தது. அதன் மேல் பைப் ரெஞ்சுகள், ஸ்பேனர்கள், சுத்தியல்கள்... பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக!

"நீங்க இப்படித்தான் அடுக்கி வைப்பீங்களா?"

"நானா? எனக்கு ஸ்பேனர் வேணும்னா பெட்டியையே கவிழ்த்துத்தான் மேடம் தேடுவேன்!"

"பெட்டி சாவி?"

"சட்டைப் பையில. சட்டை வீட்டுக்குள்ள ஆணியில தொங்குது. சாவி இப்பவும் அதுலதான் இருக்கு."

"ம்... எப்படிப்பட்ட பெட்டி?"

பிளம்பரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"மூணு கடை ஏறி இறங்கினேன் மேடம். பிளாஸ்டிக் வெயில்ல வெடிச்சிடும்னாங்க. இரும்பு துருப்பிடிக்கும்னாங்க. கடைசியில அலுமினியம் எடுத்தேன். மூடிக்கு ரப்பர் ஓரம், மழைத் தண்ணி ஒரு சொட்டு இறங்காது! தளத்துல நாலு ஓட்டை போட்டு, நட்டு போல்ட்டு மாட்டி, மூச்சைப் பிடிச்சு இறுக்கினேன்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தாள்.

நாலு ஓட்டைகள். நாலிலும் ரப்பர் அடைப்பான். சுற்றிலும் சிவப்பாக ஏதோ...

ரத்தமா?!

தொட்டாள். பிசுபிசுத்தது. முகர்ந்தாள்.

துருப்பிடிக்காமலிருக்க அடிக்கிற பெயிண்ட்!

வெளியே வந்தாள். கண்கள் மின்னின.

"பெட்டியைக் கழட்டினவன், ஓட்டையை அடைச்சு, துரு ஏறாம பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிருக்கான்! இது பெட்டி மேல ஆசைப்பட்டவன் வேலை இல்லை. வண்டி மேல உயிரா இருக்கிறவன் வேலை. உங்களுக்கு முன்னால இந்த வண்டி யார்கிட்ட இருந்தது?"

பிளம்பர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான்.

"என்... மாமனார்கிட்ட."

"எங்கப்பா தங்கமான மனுஷன்!" வீறிட்டாள் மனைவி. "அவரைச் சந்தேகப்படறதுக்கு நாக்கு எப்படி வந்தது உங்களுக்கு?"

பிளம்பர் அவசரமாக உடுத்திக் கொண்டு பிக்கப்பை எடுக்க, மனைவி விசிறியோடு ஏறிக் கொள்ள, ஜீப் பின்தொடர்ந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தது மாமனார் வீடு. கதவைத் திறந்த பெரியவரின் பத்து விரல்களும் சிவப்பாக இருந்தன. ஷெட்டுக்குள் போர்வைக்கு அடியில் அலுமினியம் பளபளத்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துத் தட்டில் நட்டு போல்ட்டுகள், எண்ணெய் போட்டு அடுக்கியிருந்தன.

"மாமா! என் பெட்டியைத் திருடினீங்களா?"

"என் வண்டியில ஓட்டை போட்டீங்களா மாப்பிள்ளை?"

"அது இப்போ என் வண்டி!"

"பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் விழாம வெச்சிருந்தேன்! இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அதுலதான் கூட்டிட்டுப் போனேன்!"

"அதுக்காக..."

"அடியில படுத்துப் பார்த்தீங்களா? உங்க மூணாவது ஓட்டைக்கும் பிரேக் பைப்புக்கும் நடுவுல ஒரு விரல்கடைதான் இடம்! ட்ரில் கொஞ்சம் சறுக்கியிருந்தா... என் பொண்ணு உட்கார்ந்து வர்ற வண்டி அது மாப்பிள்ளை!"

பெரியவரின் குரல் உடைந்தது.

பிளம்பர் அடியில் பார்க்கவே இல்லை. மேலிருந்து குறி போட்டு, மேலிருந்தே துளைத்து, நட்டைக்கூடக் கையால் துழாவித்தான் மாட்டியிருந்தான். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் மாமனார்.

"நீங்கதான் ஏழு மாசமா என்கூடப் பேசறதே இல்லையே மாமா!"

"சீட்டுக்குப் புலித்தோல் கவர் போட்டா எவன் பேசுவான்?"

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" அதட்டினாள் இன்ஸ்பெக்டர். "மணி ரெண்டேகால். இந்தப் பெட்டியை மறுபடி மாட்டப் போறீங்களா, இல்லையா?"

"இதை வேண்டாம்," என்றார் பெரியவர். ஷெட்டின் மூலையிலிருந்த சாக்கை இழுத்தார்.

நீலப் பெட்டி! வண்டியின் அதே நீலம்!

"நானே தகடு வெட்டி, வெல்டு வெச்சு, மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சேன். இரும்புதான். ஆனா துரு கிட்ட வரட்டும் பார்ப்போம்! தளத்துல ஒரு ஓட்டை கூட வேண்டாம். வண்டியோட ரெண்டு பக்கத்துச் சுவர் விளிம்பையும் நாலு க்ளாம்ப் கவ்விப் பிடிச்சுக்கும். அடியில ரப்பர். க்ளாம்ப் திருகு பெட்டிக்கு உள்ள இருக்கு. மூடியைப் பூட்டிட்டா எந்தக் கொம்பனாலயும் கழட்ட முடியாது. கேபினுக்கு நாலு விரல் இடைவெளி விட்டிருக்கேன். உங்க பெட்டி மாதிரி மூடியைத் திறந்தா கண்ணாடியில இடிக்காது."

"அது இடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழட்டறப்போ இடிச்சுதே!"

அடுத்த முக்கால் மணி நேரம், உலகத்தில் எந்தப் போலீஸும் பார்த்திராத காட்சி. குற்றவாளி ஒரு பக்கம் தூக்க, புகார்க்காரன் மறுபக்கம் தூக்க, "மெதுவா... மெதுவா... பெயிண்ட் உரசுது!" என்று கான்ஸ்டபிள் வழி காட்டினான். பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. பிளம்பர் பிடித்து ஆட்டினான். வண்டிதான் ஆடியது.

"மாமா..." என்றான் பிளம்பர். கண் கலங்கியிருந்தது.

"திருகை இறுக்குங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். அவருக்கும்தான்.

இன்ஸ்பெக்டர் மட்டும் உருகவில்லை. பழைய நட்டையும் போல்ட்டையும் கையில் வைத்துத் திருகிக் கொண்டிருந்தாள்.

"பெரியவரே... இதைத் தனியாவா கழட்டினீங்க?"

"ஆமா. தன்னந்தனியா!"

"நட்டு வண்டிக்கு அடியில. போல்ட்டுத் தலை பெட்டிக்குள்ள. அடியில நட்டைத் திருகினா, மேல போல்ட்டும் கூடவே சுத்துமே? தலையை ஒருத்தர் ஸ்பேனர் போட்டுப் பிடிச்சாத்தானே கழலும்? பிடிச்சது யாரு?"

பெரியவர் வானத்தைப் பார்த்தார்.

"பூட்டை உடைக்கலை. அப்போ சாவி போட்டுத் திறந்திருக்கீங்க. வீட்டுக்குள்ள ஆணியில தொங்கின சட்டையில இருந்து அதை எடுத்துக் கொடுத்து, திரும்பவும் அங்கேயே வெச்சது யாரு?"

இப்போது பிளம்பரும் வானத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல... மிக மெல்ல... மனைவியைப் பார்த்தான்.

"நீயா?!"

"நான்தான்!" என்றாள் அவள், விசிறியை நிறுத்தாமல். "பெட்டிக்கு அளவெடுத்துக் கொடுத்ததும் நான்தான். ரெண்டு மாசமா ரெடியா இருக்கு. அப்பாகிட்டப் போய்க் கேளுங்க, கேளுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"அப்புறம் எதுக்கு எனக்கு ஃபோன் பண்ணி அலறினீங்க?" சீறினாள் இன்ஸ்பெக்டர்.

"பின்னே? போலீஸ் வரலேன்னா இவரு கடைக்கு ஓடி இன்னொரு பெட்டி வாங்கி, இன்னும் நாலு ஓட்டை போட்டிருப்பாரு! நீங்க வந்ததாலதானே ரெண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துப் பேசினாங்க?"

"பொய்ப் புகார் கொடுத்தா உள்ளே தள்ளலாம், தெரியுமா?"

"என்ன பொய்? பெட்டி போச்சுன்னு சொன்னேன். போச்சா இல்லையா? யார் எடுத்தாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே மேடம்!"

கான்ஸ்டபிள் இருமினான்.

இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக் கொண்டாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள்.

"இனிமே இப்படி நடந்துக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுக் கிளம்புங்க!"

மனைவி பணிவாகத் தாளை வாங்கினாள். அதே பணிவோடு கணவனிடம் நீட்டினாள்.

"எழுதுங்க."

"நானா?! என் பெட்டிடி திருட்டுப் போனது!"

"ஓட்டை போட்டது யாருங்க?"

பிளம்பர் வாயைத் திறந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூணு இருபத்தைந்து. ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேர ஓட்டம். வாயை மூடிக்கொண்டு மடமடவென்று எழுதினான். மாமனார் படித்துப் பார்த்து ஒரு வரியைத் திருத்தினார். மனைவி தேதி போடச் சொன்னாள்.

மூவரையும் ஏற்றிக் கொண்டு பிக்கப் பறந்தது.

இன்ஸ்பெக்டர் தாளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொருளைப் பறிகொடுத்தவன் மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டுப் போறான்... திருடினவங்க அதைச் சரிபார்த்துட்டுப் போறாங்க! இது எந்த ஊர் நியாயம்யா?!"

கான்ஸ்டபிள் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மேடம்... சத்தமாக் கேக்காதீங்க! உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்!"