பிறந்தநாள் பேரிங்

நிலவில் இருக்கும் குளிர்ப்பள்ளம் என்ற குடியிருப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பிறந்தநாளன்று ஒரு ஜோடி பேரிங் கொடுப்பார்கள். கேக்கும் புதுத்துணியும் அவரவர் வசதி. பேரிங் மட்டும் குடியிருப்பின் செலவில் வீடு தேடி வந்துவிடும். நிலவில் ஈர்ப்பு குறைவு. எலும்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை. வேலையில்லாமல் கிடக்கும் எதையும் போல அதுவும் இளைத்துப்போகும். ஆகவே நடுவயது வந்தால் எல்லோருக்கும் இடுப்பின் இருபுறமும் செயற்கை மூட்டு. வருடத்துக்கு ஒருமுறை அதனுள் சுழலும் பேரிங்கை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் இருப்பது ஒரே வார்ப்பு உலை, அதற்கு ஒரே அளவு அச்சு. அதனால் வாசற்கதவுக்கும் வண்டிக்கும் மனிதருக்கும் ஒரே பேரிங்தான். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

மாசிலாமணி சரக்கு வண்டி ஓட்டுபவர். வண்டி என்றால் ரோடே இல்லாத பாறையிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகிற மூன்று சக்கர முரட்டு வண்டி. ஆள் ஒரு தினுசு. வண்டி தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவருடைய மனைவி வடிவு அந்த வண்டிக்கு ‘சின்ன வீடு’ என்றே பெயர் வைத்திருந்தாள்.

வண்டியில் கொஞ்ச நாளாக ஒரு சத்தம். மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஒரு முனகல். நிலவில் காற்று இல்லை, ஆகவே காதுக்கு எதுவும் வராது. இருக்கையில் உட்கார்ந்தால் வண்டியின் அதிர்வு இடுப்பில் ஏறி, முதுகெலும்பு வழியாக மண்டைக்கு வரும். அதற்கு அங்கே எலும்பொலி என்று பெயர். ஓட்டுநர்கள் எல்லோரும் எலும்பொலியை வைத்துத்தான் வண்டியின் நோயைக் கண்டுபிடிப்பார்கள். மாசிலாமணி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார், ஸ்விங் ஆர்ம் என்று. பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிற கை அது. அது ஆடுகிற இடத்தில் இருக்கும் இரண்டு பேரிங்கும் தேய்ந்துவிட்டன என்பது அவர் தீர்ப்பு.

வேறு சமயமாக இருந்தால் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நிலவின் மறுபக்கத்துக்குப் போகும் சரக்கு அணி ஆண்டுக்கு ஒருமுறைதான் கிளம்பும். மறுபக்கத்து வானாய்வகத்தில் அவர் மகள் கோதை வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இந்தத் தடவை விட்டால் அடுத்த வருடம்தான். அதற்குள் பேத்தி நடக்கத் தொடங்கியிருப்பாள். சத்தம் போடுகிற எதையும் சோதனைச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். மாசிலாமணிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பட்டறை நஸீமா வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சாணியை உருவி, ஸ்விங் ஆர்மைத் தனியே கழற்றிக் கையில் எடுத்தாள். பூட்டு வளையத்தை நெம்பி எடுத்துவிட்டுச் சுத்தியலைத் தேடினாள்.

“ரெண்டு தட்டுத் தட்டுனா வந்துரும்ணே.”

“தட்டக் கூடாதும்மா. வளையத்துல அடிபடும்.”

“தூக்கிப் போடப் போற பேரிங்தானே, பட்டா என்ன?”

“போடற சாமானா இருந்தாலும் இத்தனை வருஷம் உழைச்சிருக்கில்ல. மரியாதையா எடுப்போம்.”

நஸீமா தலையில் அடித்துக்கொள்ளப் போய், தலைக்கவசம் இருப்பதால் விட்டுவிட்டாள்.

மாசிலாமணி ஸ்விங் ஆர்மைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தார். நிலவின் வெயில் தோசைக்கல்லைத் தோற்கடிக்கும். பள்ளத்தின் நிழலில், சூரியனையே பார்க்காத இடத்தில், ஒரு செம்புத் தடியைப் போட்டு வைத்தார். ஸ்விங் ஆர்ம் சூட்டில் விரிந்ததும், உறைந்துபோன அந்தத் தடியை பேரிங்கின் நடுத்துளையில் செருகினார். குளிரில் பேரிங் சுருங்கியது. பிறகு விரலால் ஒரு தள்ளு. பழுத்த கொய்யாவைப் பறிப்பது போல அது கையோடு வந்தது. இரண்டாவதும் அப்படியே.

நஸீமா ஒன்றை வாங்கிச் சுழற்றிப் பார்த்தாள். ஆட்டம் இல்லை, உரசல் இல்லை. ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

“அண்ணே, இது இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்ணே.”

“கைக்குத் தெரியாது. எலும்புக்குத் தெரியும்” என்றார் மாசிலாமணி. கவச உடைப் பையிலிருந்து புத்தம்புது ஜோடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஏதுண்ணே இது? உலையில இந்த மாசம் வண்டிப் பங்கு முடிஞ்சுபோச்சே.”

“பிறந்தநாளுக்கு வந்துச்சு. வீட்ல சொல்லிடாத.”

போன வருட ஜோடி முன்சக்கரத்துக்குப் போயிருந்தது. அதற்கு முந்தினது கைப்பிடிக்கு. எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்த காரியம். வடிவு கேட்கும்போதெல்லாம் ‘அடுத்த வாரம் போய் மாட்டிக்கறேன்’ என்று ஒரே பதில்தான் சொல்லி வந்தார். கழற்றிய பழைய ஜோடியைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றித் தன் கருவிப் பையில் வைத்துக்கொண்டார். எறிய மனசு வரவில்லை.

புதுசு மாட்டியாயிற்று. ஓட்டிப் பார்த்தார். முதல் மேட்டிலேயே கிறீச். மாசிலாமணிக்கு அழுகை வரும்போல இருந்தது.

மறுநாள் சோதனைச் சாவடியில் வண்டியைக் குலுக்குமேடையில் ஏற்றினார்கள். அவர் உட்கார்ந்திருந்தபோது முனகல் பதிவானது. இறங்கச் சொன்னார்கள். மேடை இன்னும் பலமாகக் குலுக்கியது. கருவியில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மறுபடி ஏறினார், மறுபடி முனகல். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மாசிலாமணிக்குத் தன் இடுப்பே தெரியாமல் இருந்திருக்கிறது. சத்தம் வண்டியிலிருந்து அவருக்குள் ஏறவில்லை, அவருக்குள்ளிருந்தேதான் மண்டைக்குப் போயிருக்கிறது. சாவடியின் திரையில் முடிவு வந்தது: வண்டி மிகச் சிறப்பு, ஓட்டுநர் பழுது, அனுமதி இல்லை.

மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கும் இயந்திரப் பொறியை ஊரில் எல்லோரும் டாக்டரய்யா என்பார்கள். அது அவர் இடுப்பை ஒளியில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது.

“மூன்று ஆண்டுகளாக மாற்றப்படவில்லை. இதில் பேரிங் என்று சொல்லத்தக்க எதுவும் மீதி இல்லை. உங்கள் பிறந்தநாள் ஜோடியைக் கொடுங்கள். அரை மணி நேர வேலை. அணி கிளம்புவதற்குள் வண்டி ஓட்டலாம்.”

மாசிலாமணி தரையைப் பார்த்தார். கூட வந்திருந்த வடிவு அவரைப் பார்த்தாள்.

“எங்கங்க அது?”

“மாட்டியாச்சு.”

“எங்க மாட்டினீங்க?”

மாசிலாமணி வண்டிச் சாவியை உள்ளங்கைக்குள் மறைத்தார். வடிவுக்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

“புள்ளயப் பாக்கணும், புள்ளயப் பாக்கணும்னு சொன்னீங்களே. எந்த இடுப்ப வச்சுக்கிட்டுப் போவீங்க? அந்தச் சின்ன வீட்டுக்காரி மட்டும் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

“வேறு ஜோடி உலையிலிருந்து வர ஒரு மாதம் ஆகும்” என்றது பொறி.

ஒரு மாதம் என்றால் அணி போயிருக்கும். சாவடியில் தேறிய வண்டியை இனிக் கழற்றவும் விடமாட்டார்கள். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கட்டிய மனுஷனின் குணம் தெரிந்தவள் ஆகையால், அவருடைய கருவிப் பையை இழுத்துத் துழாவினாள். துணிச் சுருள் கையில் அகப்பட்டது. பிரித்துப் பொறியின் முன் வைத்தாள்.

“பழசுதான் டாக்டரய்யா. ஆகுமா?”

பொறி இரண்டையும் வாங்கிச் சுழற்றியது. கிருமி நீக்கியது. மறுபடி சுழற்றியது.

“புதியதாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நன்றாக இருக்க வேண்டும் என்பதே விதி. இது தாராளமாகப் போதும்.”

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மாசிலாமணி மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, பொறி வடிவிடம் பேசிக்கொண்டிருந்தது.

“இந்தப் பேரிங்கை முன்பு இடுப்பில் வைத்திருந்தவர் யாரென்று தெரியவில்லை. மாதம் தவறாமல் சுத்தம் செய்து, எண்ணெய் இட்டு வந்திருக்கிறார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியதில்லை. வெளியே எடுத்தபோதுகூட ஒரு கீறல் விழவில்லை. தன் உடலை இவ்வளவு அக்கறையாகக் கவனித்துக்கொண்ட மனிதரை இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை. முடிந்தால் உங்கள் கணவரை அவரிடம் அழைத்துப் போங்கள். அவரைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும்.”

வடிவு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லிப் பாக்கறேன் டாக்டரய்யா. அந்தாளு வீட்டுப் பக்கமே வர்றதில்ல. எந்நேரமும் பட்டறையிலதான் கிடக்காரு.”

மாசிலாமணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடுப்பு சத்தமே போடவில்லை.