பெரிய மாப்பிள்ளை பார்த்த பச்சைக் கோடு

பட்டறை முதலாளி உட்காராமலேயே பேச ஆரம்பித்தார். "புது லேசர்ல லென்ஸ் இன்னிக்குக் காலையில எரிஞ்சு போச்சும்மா. நேத்து சாப்பாட்டு நேரத்துல சின்ன மாப்பிள்ளை அதை ஓட விட்டுட்டுப் போயிட்டாராம். பெரிய மாப்பிள்ளை பார்த்துட்டு அணைச்சாராம். சின்னவரை வெளியே அனுப்பிட்டா என் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவர் தேடி வந்தது லேசர் கருவிகளைப் பழுதுபார்க்கும் பெண்ணை; அவளை ஊரே லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். பட்டறைக்கு வேன் ஓட்டிய அவள் கணவர் பாதி வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சின்னவர்தான். சந்தேகமே இல்ல."

"முதல்ல ரோட்டைப் பாருங்க."

அந்தப் பட்டறையில் மெல்லிய உலோகக் குழாய்களில் தலைமுடியைவிடச் சிறிய துளைகள் போடுகிறார்கள். பெரிய மாப்பிள்ளைக்குப் பதினைந்து வருடமாகப் பழைய பச்சை லேசர்தான். புதியது, போன வருடம் மாப்பிள்ளையாக வந்த சகலையின் கைக்குப் போயிருந்தது. அதைப் பற்றிப் பெரியவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்கா லேசர் பெட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டைப் படித்தாள். லென்ஸைக் கழற்றி விளக்கருகே பிடித்தாள். நடுவில் கருகிய கட்டைவிரல் தடம்.

"நேத்து என்ன பார்த்தீங்க?"

"உள்ளே பச்சைக் கோடு ஆடாம நின்னுச்சு. ஓடிப்போய் சிவப்பு பட்டனை அமுக்கினேன்" என்றார் பெரியவர்.

"நான் அணைச்சுட்டுத்தான் போனேன்" என்றான் சின்னவன்.

அக்கா அவர்கள் மாமனாரான முதலாளியையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். "ஓட விட்டதால இது எரியல. யாரோ வெறுங்கையால தொட்டிருக்காங்க. அந்தப் பிசுக்குலதான் இன்னிக்கு லென்ஸ் கருகிடுச்சு. அப்புறம், சீட்டுலயே போட்டிருக்கு, இந்த லேசர் அகச்சிவப்பு. முழு பவர்ல ஓடினாலும் கோடு கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கோடு உங்க பழைய மெஷின்லதான் வரும், சார். பார்க்காததை எதுக்குப் பார்த்ததா சொன்னீங்க?"

வேன்காரர் வாயைத் திறந்தார். மனைவியின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார்.

பெரியவர் தரையைப் பார்த்தார். "கெடுக்கணும்னு வரல. நேத்து எல்லாரும் சாப்பிடப் போனப்போ மெஷினைத் திறந்தேன். பதினஞ்சு வருஷம் இங்க உழைச்சது நான். கிடைச்சது அவனுக்கு. வயிறு எரிஞ்சுது. ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்கணும்னு தோணிச்சு. காலையில எரிஞ்சதும் பயந்து போய்ப் பழியை அவன் தலையில போட்டுட்டேன்."

மாமனார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பேனே, அண்ணே" என்றான் சின்னவன்.

"உன்கிட்டப் போய்க் கேக்கணுமேன்னுதான்" என்றார் பெரியவர்.