அடை உட்காராத கோழிகள்

கொட்டகைக் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. பன்னிரண்டு மின்விசிறிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இருந்தும் காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததுபோல் ஒரு கதகதப்பு. எச்சத்தின் காரநெடிக்கு அடியில், பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் வருமே, அந்த வாசனை.

முட்டை பொறுக்க வந்தவள் கூடையோடு வாசலிலேயே நின்றாள். இரண்டு மாதம் முன்புவரை இந்தக் கோழிகள் கம்பிக்கூண்டுகளில் சிறகு விரிக்க இடமின்றி நெருக்கியடித்துக் கிடந்தவை. கூண்டுகளைக் கழற்றிவிட்டு, மூன்றடுக்குத் தட்டுகளும், முட்டையிட ரப்பர் திரை போட்ட பெட்டிகளும் வைத்து, தரை முழுக்க மரத்தூள் பரப்பியிருந்தார்கள். ஆறாயிரம் கோழிகள். காலையில் உள்ளே வந்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. இன்று அவள் மூச்சு அவளுக்கே கேட்டது.

முதல் பெட்டியின் திரையை விலக்கிக் கைவிட்டுத் துழாவினாள். வெறும் விரிப்பு. அடுத்ததும் அப்படியே. வரிசை முழுக்கப் பார்த்தும் ஒரு முட்டை இல்லை.

ஜன்னலில்லாத கொட்டகையின் மங்கல் விளக்கில், கோழிகளெல்லாம் கடைசிச் சுவர் ஓரமாகத் தரையில் அப்பிக் கிடந்தது தெரிந்தது. பண்ணை டாக்டருக்கு போன் போட்டாள்.

"டாக்டர், அத்தனையும் மூலையில உட்கார்ந்திருக்கு. உடம்பச் சிலிர்த்துக்கிட்டுக் கிடக்குது. அடை உட்கார்ந்த மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். "முட்டைக்கோழி எங்கம்மா அடை உட்காரும்? அந்தக் குணத்தையே எடுத்துட்டுத்தான் இந்த ஜாதிய உண்டாக்கினாங்க. முட்டை போட்டதோட அதுங்க டூட்டி முடிஞ்சுது. நான் வரேன், இரு."

வைத்த உடனே அண்ணியிடமிருந்து அழைப்பு. "ஏம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல அண்ணி."

"சாப்பாட்ட எடுத்து வை, வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரும்மா." அழுதபடியே போனை வைத்துவிட்டாள்.

அவள் அண்ணன் இந்தப் பண்ணையின் எலக்ட்ரீஷியன். நான்கு நாட்களுக்கு முன் இதே கொட்டகைக்கு விளக்கைச் சரிபார்க்க வந்தவனைக் காணவில்லை. வெளியே போனதைப் பார்த்தேன் என்றார் வாட்ச்மேன். மறுநாள், போனது அவன்தானா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றார். அதற்குள் எல்லோரும் வெளியே தேடப் போய்விட, தீனியும் தண்ணீரும் தானாக ஓடும் இந்தக் கொட்டகையை நான்கு நாளாக யாரும் திறக்கவில்லை.

அவள் மரத்தூளில் கால் புதைய நடந்தாள். கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடுப்புயரத்துக்கு ஏறியிருந்தன. இப்படிக் குவிந்தால் அடியில் இருப்பவை மூச்சடைத்துச் செத்துப்போகும். கலைத்தே ஆக வேண்டும். கூடையை வைத்துவிட்டு, மேலிருந்த கோழியைத் தூக்கினாள். அதன் நெஞ்சில் இறகே இல்லை. சிவந்த வெற்றுத்தோல், தொட்டால் கொதித்தது. அடுத்ததும் அப்படித்தான். தொண்டைக்குள் உருளும் ஒரே சத்தம், ஆயிரக்கணக்கில், மெதுவாக. கையைக் கொத்தின. ரத்தம் வந்தது. அவள் விடவில்லை.

அடியில் முட்டைகள். நூற்றுக்கணக்கில்.

முட்டைகளுக்கு நடுவே நீலத்துணி.

பண்ணைச் சட்டை.

அண்ணன். முழங்கால் மார்பில் முட்ட, தாடை கழுத்தில் புதைய, சுருண்டு கிடந்தான். தலையில் மயிர் இல்லை. புருவமும் இல்லை. தோல் வெளுத்து, ஈரமாய், உள்ளே நரம்புகள் தெரிந்தன. கன்னத்தைத் தொட்டாள். சூடு.

"அண்ணே."

மூடிய இமைகளுக்குள் கண் உருண்டது.

"மூடு," என்றான். "குளிருது."

"அண்ணே, எழுந்திரு. அண்ணி அழுதுட்டே இருக்காங்க."

"இன்னும் பதினேழு நாள் இருக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள். நான்கு போக, பதினேழு.

என்ன பொரிக்க?

எழப் பார்த்தாள். பின்னால் இறகுகள் உரசும் சத்தம். திரும்பினாள். கதவுவரை தரை தெரியவில்லை. எல்லாம் கோழிகள். எல்லாம் அவளைப் பார்த்து.

அண்ணனுக்கு அந்தப் பக்கம் இருந்தவை மட்டும் எழுந்து, ஒவ்வொன்றாக விலகின.

அங்கே மரத்தூளில் ஒரு குழி. புதிதாகப் பறித்தது. நெஞ்சிலிருந்து பிடுங்கிய இறகுகளை மெத்தென்று பரப்பி, முழங்கால் மடக்கிப் படுக்க ஏற்றபடி வளைத்திருந்தார்கள், அல்லது வளைத்திருந்தன.

அவள் அளவுக்கு.