ஆர்லெட்டாவுக்குத் தெரிந்த குரல்

நெவா தொட்டதும், போர்வைக்கு மேலே கிடந்த அந்தக் கை சற்றே பின்வாங்கியது.

மிகச் சிறிய அசைவு. தொட்டால் கொம்பை உள்ளிழுத்துக்கொள்ளும் நத்தையைப் போல. ஐந்து வாரங்களாக அந்தக் கை, பிசைந்து மூடிவைத்த மாவைப்போல கனமாகவும் வெதுவெதுப்பாகவும், வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்திருக்கிறது. நெவா தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி மறுபடியும் தொட்டாள். மறுபடியும் அதே அசைவு. தலைமாட்டில் இருந்த திரையில் நாடித்துடிப்பு எழுபதிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது.

"மிஸ் ஆர்லெட்டா," என்றாள் மெதுவாக. "நான்தான், நெவா. பயப்படாதீங்க. பக்கத்துலதான் இருக்கேன்."

நூற்றுப் பதினான்கு.

அமெரிக்காவின் டொலிடோ நகரில் இருந்த அந்தப் பெரிய மருத்துவமனையில், கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். எட்டு வாரம். இந்த ஆண்டு நகரம் முழுவதிலும் இருந்து ஒன்பது பேரை எடுத்திருந்தார்கள். மற்ற எட்டு பேரும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் எக்ஸ்ரே பிரிவுக்கும் போனபோது, பதினேழு வயது நெவா காலோவேயை மட்டும் ஐந்தாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே பதினொரு அறைகள். அறைக்கு ஒருவராக, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் பதினொரு பேர். நெவாவின் வேலை நான்காம் அறையில். மூன்று வருடங்களாகக் கண் திறக்காத ஆர்லெட்டா டிக்சனின் அருகில் அமர்ந்து காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பேச வேண்டும். வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். காலையில் எல்லா அறைக் கதவுகளும் திறந்தே இருக்கும்; அவள் குரல் மாடி முழுக்கக் கேட்கும்.

அவளைத் தேர்ந்தெடுத்ததே அவள் குரலுக்காகத்தான். நேர்முகத்தின்போது டாக்டர் வின்ஸ்லோ அவளிடம் உயிரியல் எதுவும் கேட்கவில்லை. "நோயாளியோட அறைக்குள்ள போனா முதல்ல என்ன பண்ணுவே?" என்று மட்டும் கேட்டார். நெவா பத்து வயதிலிருந்து தன் தேவாலயத்தின் நோயாளிச் சந்திப்புக் குழுவோடு ஞாயிறு மதியங்களில் வீடு வீடாகப் போனவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. படுக்கையில் இருப்பவர் விழித்திருந்தாலும் சரி, நினைவே இல்லாமல் இருந்தாலும் சரி, உள்ளே நுழைந்ததும் முதலில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு தன் பெயரைச் சொல்ல வேண்டும். கையைச் சூடாக்கிக்கொண்டு தொட வேண்டும். பயப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அவள் அதைச் செய்து காட்டியதும் வின்ஸ்லோ கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெட்டி டோநட்டோடு வருகிற, பணிப்பெண்ணின் பிள்ளைகளைக்கூடப் பெயர் சொல்லி விசாரிக்கிற மனிதர் அவர். அந்தக் கை பின்வாங்கிய அன்றும் ஓடி வந்து திரையைப் பார்த்து நெவாவின் தோளைப் பற்றிக்கொண்டார்.

"பாத்தியா! அவங்களுக்கு உன்னைத் தெரியுது. நீ வந்தா சந்தோஷப்படறாங்க, நெவா."

ஆர்லெட்டாவுக்கு யாரும் இல்லை. முப்பது வருடங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரே மகள் டெக்சஸில். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றைத் தவிர அந்த அறையில் அவளுடையது என்று எதுவும் இல்லை. முதல் நாளே நெவா அவள் காதருகே குனிந்து, "இனிமே நீங்க தனியா இல்ல," என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆண்டவரே, நன்றி.

ஆனால் அந்த விரல்கள்.

வலது கையின் நகங்களுக்கு அடியில் கருநீலம் படிந்திருந்தது. முதலில் நடுவிரலில் மட்டும். அடுத்த வாரம் மோதிர விரலிலும். பிறகு கட்டைவிரலிலும்.

"ரத்த ஓட்டம் சரியில்ல, டாக்டரம்மா," என்றாள் நர்ஸ் ரோனெட்டா, முகத்தைத் திருப்பிக்கொண்டு சலைன் குழாயைச் சரிசெய்தபடி. நெவாவை முதல் நாளிலிருந்து அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவாள். "இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கல, அதுக்குள்ள நோய் கண்டுபிடிக்கிறாளாம். பன்னெண்டு ஆச்சு, கிளம்பு கிளம்பு. உங்கம்மா வந்து என்னைத்தான் திட்டுவா."

"அம்மா ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர நாலாகும். கொஞ்ச நேரம் கூட இருக்கேனே, மிஸ் ரோனெட்டா? சும்மாதானே உக்காந்திருக்கப்போறேன்."

ரோனெட்டாவின் முகத்தில் இருந்த கேலிச் சிரிப்பு சட்டென்று நின்றது.

"மதியத்துக்கு மேல இந்த மாடியில நிக்காத. சொன்னா கேளு, கண்ணு."

மறுநாள் நெவா வீட்டிலிருந்து வெளிர்ச் சிவப்பு நகப்பூச்சு கொண்டுவந்து, அந்தக் கருநீலம் தெரியாதபடி ஒவ்வொரு நகத்துக்கும் இரண்டு முறை பூசிவிட்டாள். பூசி முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு முழுவதும் திரையில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஆர்லெட்டாவின் மூடிய இமையோரம் ஒரு சொட்டு நீர் திரண்டு, காதை நோக்கி வழிந்தது. நெவா அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள்: "இன்னைக்கு அவங்க ஆனந்தக் கண்ணீர் விட்டாங்கம்மா."

கடைசி வாரம், பயிற்சி மாணவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் செய்ததைப் பெரிய அட்டையில் அச்சடித்து, கீழ்த்தளக் கூடத்தில் பெற்றோர் முன்னால் நின்று விளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கல்லூரிக்கான பரிந்துரைக் கடிதம். நெவாவின் அட்டைக்காக வின்ஸ்லோ சில காலை நேர வரைபடங்களைக் கொடுத்திருந்தார். அவை போதாது என்று அவளுக்குத் தோன்றியது. தான் போன பிறகு ஆர்லெட்டாவின் இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! புதன்கிழமை மதியம், ஐந்தாம் மாடியின் கோடியில் இருந்த பதிவறைக்குப் போய், தன் அடையாள அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்து, கணினி முன் உட்கார்ந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஜூலை வெயில் அந்தக் கட்டடத்தை வெளியே எரித்துக்கொண்டிருக்க, உள்ளே குளிரூட்டியின் காற்று பழைய காகிதத்தின், சூடான கம்பியின், யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன காபியின் வாடைகளைக் கலந்து கழுத்தின் பின்புறத்தில் ஊதிக்கொண்டிருந்தது; தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு, கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட ஈயைப்போல, விட்டுவிட்டு ரீங்கரித்தது.

முந்தைய நாளின் முழுப் பதிவைத் திறந்தாள்.

காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் பேசிய இடங்களில் பச்சைக் கோடு. ஆனால் மதியம் ஒன்றுக்கு ஒரு பச்சைக் கோடு இருந்தது. ஒன்று இருபதுக்கு இன்னொன்று. ஒன்று நாற்பதுக்கு. இரண்டுக்கு. இரவு எட்டு வரை, இருபது நிமிடத்துக்கு ஒன்றாக. ஒவ்வொரு பச்சைக் கோட்டுக்கும் சரியாக நான்கு விநாடி தள்ளி ஒரு சிவப்புக் கோடு.

காலையில் சிவப்பே இல்லை.

முதல் வாரங்களின் பதிவுக்குப் போனாள். அப்போது இதயம் சிவப்புக் கோட்டில்தான் துள்ளியிருந்தது. பச்சையில் அமைதி, சிவப்பில் துள்ளல். பிறகு நாளாக நாளாக அந்தத் துள்ளல் முன்னால் நகர்ந்து வந்தது. மூன்று விநாடி. இரண்டு. நான்காம் வாரத்தின் முடிவில், சிவப்பு வருவதற்கு முன்பே, பச்சை தொடங்கும்போதே இதயம் தாவத் தொடங்கியிருந்தது. பள்ளியில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது: மணியோசை கேட்டதும் எச்சில் ஊறுகிற நாய்.

மறுபடியும் முந்தைய நாளின் பதிவுக்கு வந்து ஒரு பச்சைக் கோட்டை அழுத்தினாள். நேற்று மதியம் இரண்டு நாற்பது. நேற்று அந்த நேரம் அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல். பிறகு ஒரு குரல். இளமையான, கனிவான குரல்.

"நான்தான், நெவா. பயப்படாதீங்க. பக்கத்துலதான் இருக்கேன்."

நான்கு விநாடி மௌனம்.

பிறகு ஒரு உலோகச் சொடுக்கு.

"கேட்டுட்டியா," என்றது வாசலில் இருந்து ஒரு குரல். டாக்டர் வின்ஸ்லோ. கோபமே இல்லை. சொல்லப்போனால் சற்று வெட்கப்பட்டவர்போல நின்றார். "உன் நிகழ்ச்சி முடிஞ்சப்புறம் நானே சொல்லியிருப்பேன்."

"சிவப்புக் கோடு என்ன, டாக்டர்?"

"விரல்ல மாட்டற ஒரு கவ்வி. நகத்தை அழுத்தும். நினைவு இருக்கான்னு பாக்க எல்லா ஆஸ்பத்திரியிலயும் பேனாவால அழுத்திப் பாப்பாங்க இல்லையா, அதேதான். கொஞ்சம் பலமா."

"வலிக்குமே."

"வலிச்சாத்தான் கத்துக்குவாங்க. கத்துக்கிட்டாத்தான் உள்ளே ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்." அவர் குரல் கெஞ்சியது. "மணி ஓசை வெச்சுப் பாத்தோம், நெவா. ஒண்ணும் நடக்கல. அந்நியரோட குரல். அதுவும் இல்ல. அவங்க நம்பற ஒரு குரல் வேணும்னு எனக்குத் தோணுச்சு. அவங்க காத்துக்கிட்டு இருக்கற ஒரு குரல். உன்னால எவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கு தெரியுமா? அவங்க மகள் சம்மதிச்சிருக்காங்க. குரலைப் பதிவு செய்யறதுக்கு உங்கம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அம்மா சமையலறை மேசையில் அந்தக் காகிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு, பெருமையோடு கையெழுத்திட்டது நெவாவுக்கு நினைவிருந்தது. பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படும் என்று அதில் இருந்தது. யாருடைய பயிற்சி என்று அவர்கள் கேட்கவில்லை.

"நீங்க அழுதீங்களே," என்றாள். "நேர்முகத்துல. நான் செஞ்சு காட்டினப்ப கண்ணைத் துடைச்சீங்களே."

"உண்மையாத்தான் அழுதேன்," என்றார் அவர்.

அதுதான் தாங்க முடியவில்லை. நெவா அவரைத் தாண்டி ஓடினாள்.

தாழ்வாரம் நீண்டு கிடந்தது. புதிதாகத் துடைத்த தரையில் மருந்து வாடை. காலணிகள் வழுக்கின. சுவரில் கடிகாரம். மூன்று ஆக ஒரு நிமிடம். நர்ஸ் மேசையில் ரோனெட்டா தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பேனாவும் நகரவில்லை.

நான்காம் அறை.

காலையில் பார்த்த அதே அறைதான். அதே மங்கலான விளக்கு, அதே மூச்சுக் கருவியின் ஏற்ற இறக்கம், தொண்டையில் செருகிய அதே குழாய். ஆனால் தலையணைக்குப் பக்கத்தில், காதை ஒட்டி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வலது கையின் நடுவிரலில், அவள் பூசிய வெளிர்ச் சிவப்பின் மேல், எஃகுக் கவ்வி.

பெட்டியைப் பிடுங்கினாள். கம்பி அறுந்தது. கவ்வியின் திருகைக் கழற்றினாள். நகத்தில் பூச்சு உரிந்து, கீழே கறுப்பு. கவ்வியைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

அமைதி.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தாள். நிறுத்திக்கொண்டாள்.

எதைச் சொல்வது? எந்தக் குரலில்?

அவளிடம் இருந்தது ஒரே குரல். எவ்வளவு கனிவாகச் சொன்னாலும், என்ன சொன்னாலும், அந்தக் காதுக்குள் அது வேறு. ஒவ்வொரு காலையும் மூன்று மணிநேரம் இந்தப் பெண் அசைய முடியாமல், கத்த முடியாமல், வரப்போகிற வலிக்காகக் காத்துக்கொண்டு இவள் பேச்சைக் கேட்டிருக்கிறாள். கையைத் தொடவும் பயமாக இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடுகளை இறுக்கி, மனதுக்குள் ஜெபித்தாள். அது மட்டும்தான் அவளால் வலிக்காமல் செய்யக்கூடியது.

அப்போதுதான் கேட்டது.

"நான்தான், நெவா."

அறுந்த கம்பியைப் பார்த்தாள். பெட்டி அவள் காலடியில் செத்துக் கிடந்தது.

"பயப்படாதீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம். ஐந்தாம் அறை.

வாசலுக்கு வந்தாள். ஆறாம் அறைக் கதவுக்குப் பின்னால் அதே குரல். ஏழாம் அறை. எதிர்வரிசையில். கோடியில். மூடிய ஒவ்வொரு கதவுக்கும் பின்னால், ஒரே நேரத்தில், அன்பாக, அவசரமே இல்லாமல்.

"பக்கத்துலதான் இருக்கேன்."

மௌனம்.

ஒன்று. இரண்டு.

"நிறுத்துங்க!"

கத்தியது அவள்தான். தாழ்வாரம் முழுக்க அது எதிரொலித்தது. எதிரொலி அடங்குவதற்குள், பதினொரு அறைகளிலும் இதயத் திரைகளின் ஓசை ஒன்றாக எகிறியது. பதினொரு பேரும் கேட்டுவிட்டார்கள். பதிவு அல்ல, அவளே வந்துவிட்டாள் என்று.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பினாள்.

திறந்த கதவு வழியாக ஆர்லெட்டா தெரிந்தாள். மூன்று வருடங்களாக மூடியிருந்த கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. அவை கூரையைப் பார்க்கவில்லை. நெவாவைப் பார்த்தன.

மூன்று.

நான்கு.

கவ்வி மூலையில் கிடந்தது. விரலில் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த விரல் மெல்ல மெல்ல உள்நோக்கி மடங்கியது, மற்ற விரல்களும் மடங்கின, மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது, உதடுகள் பிரிந்து, தாடை விரிந்து, இன்னும் விரிந்து, வாய் முழுவதும் திறந்துகொண்டது. குழாய் செருகிய தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. நெவா பொத்திய கைகளை எடுக்காமல் நின்றாள். அந்த வாய் மூடவே இல்லை.